ஸ்பால்டிங்கை விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் முழுக்கக் கோபம். அலுவலக நண்பர் தங்கள் சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைக் கையில் கொடுத்தார், நீயும் மரியாதைக்கு வாங்கிப் படித்தாய், அப்புறம் ஒரு வாரம் தேடிவிட்டு, "இது திருட்டுச் சரக்கு, சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய நாவல்" என்று முடிவுகட்டிவிட்டாய். அதை அவரிடம் சொல்லியே தீருவேன் என்கிறாய். சொல்லாதே. அவர் மனம் புண்படுமே என்பதற்காக இல்லை, அது எப்போதோ தோற்றுப்போன வாதம். மார்மன்கள் நிறைந்த அமெரிக்காவின் யூட்டாவில் பிறந்து வளர்ந்தவர் அதற்கான பதிலைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்பார்.

தேவதை வந்தது, பொன் தகடுகள் கிடைத்தன என்பதை நானும் நம்பவில்லை. சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்தான் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஸ்பால்டிங்கைப் பிடித்துத் தொங்காதே என்கிறேன். உன்னைப் போல் யோசிப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கும் லீஹை நகரத்தின் பெயரே அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதாகச் சொல்லப்படும் தீர்க்கதரிசி லீஹை. அவர் வம்சம் நீஃபையர், லேமனியர் என்று இரண்டாகப் பிரிந்து ஆயிரம் ஆண்டுகள் மோதிக்கொள்கிறது, நடுவில் உயிர்த்தெழுந்த இயேசு அங்கே வந்து போதிக்கிறார். கடைசியில் மார்மன் என்பவர் வரலாற்றைச் சுருக்கித் தகடுகளில் எழுத, மகன் மொரோனை அதைப் புதைக்கிறார். 1827 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து மேன்செஸ்டர் அருகே ஒரு குன்றிலிருந்து அவற்றை எடுத்ததாகவும் பிறகு மொழிபெயர்த்ததாகவும் ஸ்மித் சொன்னார். 1830 மார்ச்சில் பால்மைரா என்ற சிற்றூரில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் 5,000 பிரதிகள் அச்சாயின. செலவு 3,000 டாலர். அதற்குத் தன் பண்ணையை அடமானம் வைத்தவர் மார்ட்டின் ஹாரிஸ்.

சரி, ஸ்பால்டிங்குக்கு வருவோம். அவர் 1816இல் இறந்துவிட்டார். 1833இல் ஹர்ல்பட் என்பவர், மார்மன் சபையிலிருந்து நீக்கப்பட்டு ஸ்மித் மேல் வன்மத்தோடு திரிந்தவர், ஒஹாயோவில் ஸ்பால்டிங்கின் உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் பார்த்து வாக்குமூலம் வாங்கினார். இருபது ஆண்டுகளுக்கு முன் வாசித்துக் காட்டிய கதையில் நீஃபை, லீஹை என்ற பெயர்கள் வந்தது அவர்களில் பலருக்கும் ஒரே மாதிரி நினைவிருந்தது! 1834இல் ஹோவ் என்பவர் இவற்றைப் புத்தகமாகப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஹர்ல்பட் தேடிப்போய் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதியையே கொண்டுவந்துவிட்டார். அது ஒத்துப்போகவில்லை. உடனே, "இது இல்லை, இன்னொன்று இருந்திருக்கும்" என்றார்கள்.

அந்தப் பிரதி பிறகு காணாமல் போய், 1884இல் ஹொனலூலுவில் கிடைத்தது. ஹோவின் பத்திரிகையை விலைக்கு வாங்கியவருடைய பழைய காகிதக் கட்டுக்குள் அது கிடந்திருக்கிறது. இப்போது ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானியர்கள் பிரிட்டனுக்குப் போகும் வழியில் புயலில் சிக்கி அமெரிக்காவில் ஒதுங்குகிற கதை. கல்லுக்கடியில் பழஞ்சுவடி கிடைத்ததாக ஆரம்பிக்கும் என்பது ஒரு ஒற்றுமை. மற்றபடி லீஹையும் இல்லை, நீஃபையும் இல்லை, வேத நடையும் இல்லை. மார்மன்களே அதை அச்சிட்டு, படித்துப் பாருங்கள் என்று ஊருக்குக் கொடுத்தார்கள். எதிராளி உன் சாட்சியைத் தன் செலவில் ஊர் ஊராக அழைத்துப் போகிறான் என்றால் வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று புரிகிறதல்லவா?

நாவலை ஸ்மித்திடம் கொண்டு சேர்த்தவர் என்று நீ சொல்லும் சிட்னி ரிக்டன் சபையில் சேர்ந்தது 1830 நவம்பரில், புத்தகம் வெளிவந்து மாதக்கணக்கில் ஆன பிறகு. அதற்கு முன் இருவரும் சந்தித்ததற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஸ்மித் இறந்த பின் சபையோடு முறித்துக்கொண்டவர் ரிக்டன். ரகசியம் ஏதாவது இருந்திருந்தால் போட்டு உடைக்க அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. 1876இல் சாகும்வரை மறுத்துக்கொண்டே இருந்தார்.

நீ பெரிதாக எடுத்துக்காட்டும் 2008ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் கணினி ஆய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல் பழக்கத்தை வைத்து ஆசிரியரைக் கண்டுபிடிக்கும் முறை அது. ரிக்டன், ஸ்பால்டிங் கைதான் அதிகம் என்று முடிவு சொன்னது. கொடுத்த பெயர்ப் பட்டியலுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஜோசஃப் ஸ்மித்தே இல்லை! அவர் தன் கையால் எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான், ஆனால் முதல் சந்தேக நபரை விட்டுவிட்டு அணிவகுப்பு நடத்தினால் யாராவது ஒருவர் மாட்டத்தான் செய்வார். 2011இல் பிரிகம் யங் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள், "பட்டியலில் உள்ள யாரும் இல்லை" என்ற வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த முடிவு நிற்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஸ்பால்டிங் கதை ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது? படிக்காத பண்ணைப் பையனால் இப்படியொரு புத்தகம் எழுத முடியாது என்ற எண்ணம்தான் காரணம். ஹோவின் புத்தகத்தில் ஸ்மித் குடும்பத்தைச் சோம்பேறிகள், புதையல் தோண்டுகிறவர்கள் என்று அக்கம்பக்கத்தார் கரித்துக்கொட்டுகிறார்கள். அப்பேர்ப்பட்டவன் எப்படி எழுதினான் என்ற கேள்வி வந்ததும், கல்லூரியில் படித்த ஸ்பால்டிங் தேவைப்படுகிறார். இப்போது நம்பிக்கையாளர் தரப்பைப் பார். 1879இல் ஸ்மித்தின் மனைவி எம்மா, அந்தக் காலத்தில் தன் கணவரால் ஒரு கடிதத்தைக்கூடக் கோர்வையாகச் சொல்லி எழுதவைக்க முடியாது என்றார். ஆகவே அது தெய்வச் செயல். இருவரும் நிற்பது ஒரே பலகை மேல், தம்பி. ஏழைப் பையனுக்கு மூளை இருந்திருக்காது என்பதை இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணத்துக்காக ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டுமே உறுத்துகிறது.

அந்தப் பையனிடம் என்ன இருந்தது என்று பார்ப்போம். தாயார் லூசி, மகன் கொலையான பிறகு 1844–45இல் சொல்லி எழுதவைத்த நினைவுக்குறிப்பில், தகடுகள் கைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஜோசஃப் மாலை நேரங்களில் இந்தக் கண்டத்தின் பழைய குடிகளைப் பற்றிச் சொல்வான் என்கிறார். அவர்கள் உடை, ஏறிச்செல்லும் விலங்கு, நகரம், போர் முறை எல்லாவற்றையும் அவர்களோடு வாழ்ந்தவன் போலவே சொல்வானாம். இதை எழுதவைத்தவர் எதிரி இல்லை, கடைசிவரை மகனை நம்பிய தாய். பால்மைராவில் அச்சகத்தில் தொழில் பழகிய ஆர்சாமஸ் டர்னர் என்பவர், ஸ்மித் இளைஞர் விவாதக் கூட்டங்களுக்கு வருவான், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டங்களில் ஓரளவு நன்றாகவே பேசுவான் என்று எழுதியிருக்கிறார். காகிதம் இல்லாமல் எழுந்து நின்று வேத நடையில் மணிக்கணக்கில் பேசும் போதகர்கள் நிறைந்த ஊர்ப்பக்கம் அது. எழுதத் தெரியாது என்றால் சொல்லத் தெரியாது என்று ஆகாது. இந்தப் புத்தகம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதுதானே?

முதல் பெரிய விமர்சகரான அலெக்சாண்டர் கேம்பெல்லுக்கு ஸ்பால்டிங் தேவைப்படவே இல்லை. 1831இல் அவர் எழுதியது: பத்தாண்டுகளாக நியூயார்க்கில் நடந்த சர்ச்சைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் புத்தகத்தில் தீர்ப்பு இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானம், திரித்துவம், குடியரசு ஆட்சி, ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் என்று அடுக்கினார். கடைசியாகச் சொன்னதைக் கவனி. 1826இல் ஃப்ரீமேசன் ரகசியங்களை வெளியிடப் புறப்பட்ட வில்லியம் மார்கன், பால்மைராவுக்குப் பக்கத்து ஊரான கனன்டேய்குவா சிறையிலிருந்து கடத்தப்பட்டுக் காணாமல் போனார். அந்த வட்டாரமே கொதித்தது. மார்மன் புத்தகத்தில் ரகசியச் சத்தியம் செய்து கொலை செய்யும் கேடியன்டன் கொள்ளையரைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள். வருத்தம் என்னவென்றால் கேம்பெல்லும் பிற்பாடு ஸ்பால்டிங் பக்கம் சாய்ந்துவிட்டார்.

என் தரப்பின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 1829 ஏப்ரல் 7 முதல் ஜூன் கடைசிக்குள், நடுவில் வீடு மாறியதையும் சேர்த்து, ஏறக்குறைய 2,70,000 ஆங்கிலச் சொற்கள். தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதற்குள் முகம் புதைத்து ஸ்மித் சொன்னார், ஆலிவர் கௌடரி எழுதினார் என்கிறார்கள் பார்த்தவர்கள். மூலக் கையெழுத்துப் பிரதியில் மிஞ்சியது 28 சதவீதம்தான். அதை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த ராயல் ஸ்கௌசன், எழுத்துப் பிழைகள் காதில் தவறாக விழுந்ததால் வருகிற வகை என்று காட்டினார். அதாவது இன்னொரு பிரதியைப் பார்த்து எழுதியது இல்லை, இது ஸ்பால்டிங் வாதத்துக்கு மரண அடி. ஆனால் எனக்கும் சிக்கல் இருக்கிறது. தொப்பிக்குள் முகம் இருக்க, மார்மன் புத்தகத்தில் இடம்பெறும் பைபிள் தீர்க்கதரிசி ஏசாயாவின் அத்தியாயங்கள், கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில பைபிளின் வாசகத்தை ஒட்டியே எப்படி வந்தன? பைபிளை விரித்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கத்திலிருந்தவர்கள் இல்லை என்கிறார்கள்.

அதே ஏசாயாவில்தான் நண்பருக்கும் சிக்கல். 48 முதல் 54 வரையிலான அத்தியாயங்கள் பாபிலோன் சிறையிருப்பின்போது எழுதப்பட்டவை என்பது பைபிள் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. லீஹை குடும்பம் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அப்புறம் மார்மன் புத்தகத்தின் ஒரு பகுதியான மூன்றாம் நீஃபை 13:13ஐ எடுத்துப் பார். அமெரிக்காவில் இயேசு கற்றுத்தரும் ஜெபம் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்றே முடிகிறது. மத்தேயுவின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது, பிற்காலப் பிரதிகள் வழியாகக் கிங் ஜேம்ஸில் வந்தது. அங்கே இயேசு சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று நண்பர் பதில் சொல்வார். சொல்லட்டும், குறைந்தபட்சம் புத்தகத்தைப் பற்றிய பேச்சாக அது இருக்கும்.

ஸ்மித் தந்த இன்னொரு வேதநூலான ஆபிரகாம் புத்தகம் தனி விவகாரம், அதில் மூலமே கையில் இருக்கிறது. 1835இல் நான்கு மம்மிகளோடு 2,400 டாலருக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்னார். அவற்றின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்து 1967இல் சபையிடம் திரும்பின. எகிப்தியவியலாளர்கள் படித்தால், ஹோர் என்ற பூசாரிக்கான சாவுச்சடங்கு வாசகம். ஆபிரகாம் பெயரே இல்லை என்பதைச் சபையே 2014 கட்டுரையில் ஒப்புக்கொண்டது. மூலச் சுருள் தொலைந்திருக்கலாம், அல்லது சுருள் வெறும் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

கடைசியாக ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். பி. எச். ராபர்ட்ஸ், சபையின் உயர் தலைவர்களில் ஒருவர், அந்தப் புத்தகத்துக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். 1921இல் ஓர் இளைஞரின் கேள்விகள் அவரிடம் வந்தன: கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் மார்மன் புத்தகம் சொல்கிற குதிரை ஏது, எஃகு ஏது, பட்டு ஏது? மழுப்பாமல் உட்கார்ந்து ஆராய்ந்தார். 1922 ஜனவரியில் தலைவர்கள் முன் எல்லாவற்றையும் வைத்தார். அவர்கள் தங்கள் விசுவாசத்தை எழுந்து நின்று அறிக்கையிட்டார்களே ஒழிய, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ராபர்ட்ஸ் மேலும் தோண்டினார். 1823இல் ஈதன் ஸ்மித் என்ற போதகர், செவ்விந்தியர்கள் இஸ்ரவேலின் வழிவந்தவர்கள் என்று எழுதிய நூலையும் மார்மன் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அந்தப் போதகர் இருந்த பூல்ட்னி என்ற ஊரில்தான் கௌடரி குடும்பமும் வாழ்ந்தது. தாயார் லூசி சொன்ன மாலை நேரக் கதைகளையும் எடுத்துக்கொண்டு, ஜோசஃபின் கற்பனை இதற்குப் போதுமானதுதான் என்று எழுதினார். அந்த ஆய்வுகள் அச்சேறியது 1985இல், அவர் இறந்து 52 ஆண்டுகள் கழித்து. அவரோ 1933இல் இறக்கும்வரை சபையிலேயே இருந்தார், விசுவாசத்தை மேடையில் அறிக்கையிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளூர நம்பினாரா இல்லையா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

உன் நண்பரிடம் ராபர்ட்ஸைப் படித்திருக்கிறாரா என்று கேள். படித்திருந்தால் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது. இன்னொன்று, அவர் முன்னால் "மார்மன் சபை" என்று சொல்லாதே. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரைத்தான் இப்போது விரும்புகிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்