அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினாலே, மேசியாவை, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த ராஜாவைப் பற்றிய தீர்க்கதரிசனம் ஒரு பக்கம், அது நிறைவேறிய வசனம் மறுபக்கம் என்று அடுக்கிய பட்டியல்கள் அச்சாகின்றன. பக்தியோடு தொகுப்பவைதான். ஆனால் நற்செய்தியாளர்கள் பழைய ஏற்பாட்டை வாசித்த விதத்தையே அவை மறைத்துவிடுகின்றன.

“எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்” என்கிறது ஓசியா 11:1. இதைக் குழந்தை இயேசுவுக்குப் பொருத்துகிறார் நற்செய்தியாளர் மத்தேயு. ஓசியாவிலோ அந்தக் குமாரன் இஸ்ரவேல் ஜனம். பேச்சு, என்றோ நடந்து முடிந்த விடுதலையைப் பற்றியது. அடுத்த வசனத்திலேயே அந்த ஜனம் பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடுகிறது. அதை இயேசுவின்மேல் ஏற்ற யாரும் துணியமாட்டார்கள். மத்தேயு இடம் தெரியாமல் எடுத்தாளவில்லை. “நிறைவேறும்படி” என்பதற்கு அவர் எழுதிய கிரேக்க வினைக்கு “நிரப்புதல்” என்றும் பொருள். இஸ்ரவேல் இடறிய பாதையில் இயேசு இடறாமல் நடந்து அந்தக் கதையை நிரப்புகிறார் என்பதே அவர் சொல்ல வருவது. இது முன்னடையாளம், அதாவது பின்னால் வருவதற்குச் சாயலாக நிற்கும் பழைய நிகழ்வு. ஆளப்போகிறவர் பெத்லகேமிலிருந்து புறப்படுவார் என்ற மீகா 5:2 முன்னறிவிப்பு, அதாவது வரப்போவதை நேரடியாகச் சொல்வது. பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கன்னிகை குமாரனைப் பெற்று இம்மானுவேல் என்று பேரிடுவாள் என்பதாக மத்தேயு இயேசுவின் பிறப்புக்குப் பொருத்தும் ஏசாயா 7:14-இல் இன்னும் நிதானம் வேண்டும். கி.மு. 734 வாக்கில் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை மிரட்டின. நடுங்கிப்போன யூதாவின் ராஜா ஆகாஸுக்குக் கொடுத்த அடையாளம்தான் இம்மானுவேல். பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன்னே அந்த இரு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்கிறது 16-ஆம் வசனம். கி.மு. 732-இல் சீரியாவின் தலைநகர் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது. ஆக, அந்த வார்த்தைக்கு அன்றைக்கே ஒரு பொருள் இருந்தது. எபிரேயத்தில் உள்ள ‘அல்மா’ இளம்பெண்ணைக் குறிக்கும். கிரேக்க மொழிபெயர்ப்பு ‘பார்த்தெனோஸ்’, அதாவது கன்னிகை, என்றது. மத்தேயு பின்பற்றியது கிரேக்கத்தை. இதைச் சொன்னால் விசுவாசம் ஆட்டங்காணும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. ஏசாயாவின் இந்த வசனத்தை மேற்கோள் காட்டாமலே கன்னிப் பிறப்பைச் சொல்கிறார் லூக்கா.

எல்லாவற்றுக்கும் வேர் 2 சாமுவேல் 7. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று நாத்தான் தீர்க்கதரிசி உரைத்த வாக்கு அது. பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் எருசலேமை அழித்தபோது சிங்காசனம் காலியானது, வாக்கு மட்டும் மிஞ்சியது. அரியணையில் இருந்த ராஜாவுக்காகப் பாடிய 2-ஆம் சங்கீதம் போன்றவற்றை, வரப்போகும் ராஜாவை எதிர்நோக்கி வாசிக்கும் வழக்கம் அந்த வெறுமையில்தான் வலுத்தது. அந்த எதிர்பார்ப்பு இயேசுவுக்கு முன்பே யூதர்களிடம் இருந்தது. மேசியா என்றால் அபிஷேகம் பெற்றவர். பெர்சிய ராஜா கோரேசையும் ஏசாயா 45:1 அப்படியே அழைக்கிறது.

மேசியா வந்தால் பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் (ஏசாயா 2:4) என்றீர்களே, எங்கே அந்தச் சமாதானம் என்று யூதர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நிறைவேறாத மீதி, இயேசு மீண்டும் வரும்போது நிறைவேறும் என்பது கிறிஸ்தவர்களின் பதில். அது நம்பிக்கையின் பதில். பட்டியலில் எண்ணிக்கை கூட்டி அதை நிரூபிக்க முடியாது.

பட்டியலை வெளியிடுவோர் ஒவ்வொரு வசனத்தோடும் மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்: எந்த ராஜாவின் காலம், முதலில் யாரிடம் சொன்னது, முன்னறிவிப்பா முன்னடையாளமா. ஓசியா 11:1-க்குக் கீழே இரண்டாம் வசனத்தையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வேதாகம மாணவர் ஒருவர்