மட்டி சாப்பிடும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்றிருந்தேன். நீயே கடற்கரையில் தோண்டி எடுத்த மட்டி, வெந்து வாய் பிளந்து தட்டில் கிடக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோண்டப் போகுமுன் சுகாதாரத் துறை வெளியிடும் வரைபடத்தைப் பார்த்தாயா? எந்தக் கரையில் எடுக்கலாம், எந்தக் கரை மூடியிருக்கிறது என்று அதில் போடுகிறார்கள். உங்கள் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் கடற்கரைகளை அவர்கள் வேலையில்லாமல் மூடுவதில்லை.

சிரிக்காதே. ஓய்வு பெறும்வரை பாசியியல் நடத்தியவள் சொல்கிறேன். உங்கள் கடலில் இருப்பது அலெக்சாண்ட்ரியம் கேட்டனெல்லா. டைனோஃபிளாஜெல்லேட் கூட்டத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதை வரிசையாக நிறுத்தலாம். அது சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. மட்டி கடல்நீரை வடிகட்டித் தின்பதால் அந்த நஞ்சு அதன் சதையில் சேர்கிறது. மட்டிக்கு ஒன்றும் ஆகாது. தின்றவனுக்கு முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு விரல் நுனி, கடைசியில் மூச்சு விடும் தசைகள். முறிமருந்து கிடையாது, நஞ்சு உடம்பைவிட்டுப் போகும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். வேகவைத்தாலும் போகாது. எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் போகாது. பார்வைக்கோ மணத்துக்கோ ருசிக்கோ தெரியாது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் எட்டினாலே கரையை மூடிவிடுகிறார்கள். அங்கே பட்டர் கிளாம் என்கிறார்களே, அந்த மட்டி கடல் தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் நஞ்சை வைத்துக்கொண்டிருக்கும்.

1793-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமியின் கப்பல் ஆட்கள் உனக்கு வடக்கே ஒரு கரையில் காலை உணவாகச் சிப்பியைச் சுட்டுச் சாப்பிட்டார்கள். ஜான் கார்ட்டர் என்பவர் அன்றே இறந்துபோனார். அந்த இடத்துக்கு இன்றும் நஞ்சுக் குடா என்றுதான் பெயர். அவ்வளவு தூரம் போவானேன்? 1981-இல் நம் தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று 3 பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

படத்தில் தட்டு ஒன்றுதான் இருந்தது. அந்த மேசையும் நான் வந்திருந்தபோது பார்த்த மேசை இல்லை. அதனால் சொல்கிறேன், தனியாக இருக்கும்போது மட்டி சாப்பிடாதே. உதடு மரத்துப்போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் டைனோஃபிளாஜெல்லேட்டை வைய எனக்கு மனம் வராது. பள்ளி விட்டதும் என் ஆய்வகத்துக்கு வந்து, ஸ்டூலில் முழங்காலிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "அம்மா, இதற்கு மூன்று கொம்பு" என்று கத்தினாயே, அது செராஷியம். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் கசையிழை என்ற சாட்டை போன்ற மெல்லிய இழை ஒன்று படுத்தபடி அலையும், இன்னொன்று வால்போலப் பின்னால் நீளும். இரண்டும் சேர்ந்து அடிக்க, அது பம்பரமாகச் சுழன்றுகொண்டே முன்னேறும். சிலவற்றுக்குச் செல்லுலோஸ் தகடுகளால் ஆன கவசம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. தகடுகளை எண்ணித்தான் இனம் பிரிப்போம். உனக்கு அப்போதே அந்தப் பொறுமை இருந்தது. எனக்குப் பின் அந்த மேசையில் நீ உட்காருவாய் என்று நினைத்தேன். நீ கம்ப்யூட்டர் பக்கம் போனாய். அதிலும் முதல் ஆளாகத்தான் வந்தாய், குறை சொல்லவில்லை.

இப்போது கடலில் இருக்கும் செராஷியங்களுக்கு ட்ரிபோஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பவளத்துக்குள் குடியிருந்து, வெயிலில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறதே சிம்பயோடினியம், அதையும் 2018-இல் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். நான் மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். தாவரவியல்காரர்கள் இவற்றைப் பாசி என்றோம், விலங்கியல்காரர்கள் புரோட்டோசோவா, அதாவது ஒற்றைச் செல் விலங்கு என்றார்கள், இரண்டு துறையிலும் பாடம் வைத்து இரண்டிலும் கேள்வி கேட்டோம். உயிரோடு இருக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஒளிச்சேர்க்கையே கிடையாது, பிறவற்றைத் தின்று பிழைக்கின்றன. சில இரண்டையும் செய்கின்றன. மரபணுக்களைப் பார்த்தால் நெருங்கிய உறவு மலேரியாக் கிருமியோடு. இதைக் கேட்டு அப்பா, "நம் சொந்தக்காரர்கள்போல" என்றார். முத்தழகு மாமா வீட்டு விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

2019 செப்டம்பரில் நம் பாம்பன் கடல் பச்சையாகிக் கிடந்ததைப் போனில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். அது நாக்டிலூக்கா, இதுவும் ஒரு டைனோஃபிளாஜெல்லேட்தான். அதற்கும் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது, உள்ளே வந்து தங்கியிருக்கும் குட்டிப்பாசியால்தான் பச்சை நிறம். இரவில் அலை உடையும் இடத்தில் நீலமாக மின்னுவதும் இதுதான். உங்கள் ஊர் நஞ்சு இதற்கு இல்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருகி மடிந்து அழுகும்போது நீரில் அம்மோனியா ஏறிவிடும், பிராணவாயு தீர்ந்துவிடும். மீன்கள் கரையில் செத்து ஒதுங்கின. சிங்கில் தீவுப் பக்கம் பவளங்களும் செத்தன. பவளத்துக்கு உயிர் கொடுப்பதும் இந்தக் கூட்டம்தான், உயிரை எடுத்ததும் இந்தக் கூட்டம்தான்.

இன்னொன்று. அலெக்சாண்ட்ரியம் காலம் சரியில்லை என்றால் தடித்த கூடு கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும், நீர் சூடேறினால் எழுந்து வரும். போன வருஷம் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் பார்.

சம்பந்தியம்மாவைப் பரமக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து இலைதான். மழையைப் பற்றிப் பேசினோம், புடவையைப் பற்றிப் பேசினோம். உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கவிதாவைப் பற்றிக் கேட்கவில்லை. கை கழுவ எழுந்தபோது மட்டும் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, நீயும் இப்போதே சொல்ல வேண்டும் என்றில்லை. மாதா மாதம் பணம் தவறாமல் வருகிறது. ஒரு தடவை பணம் வராமல் நீ போன் செய்திருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்.

மட்டியை விட்டுவிடு. சால்மன் சாப்பிடு, இந்த நஞ்சு மீன் சதையில் அப்படிச் சேராது. வெளியே வாங்கினாலும் சோதனை செய்து விற்கும் கடையில் வாங்கு.

பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கவிதாவுக்குப் பிடித்த எள்ளுருண்டை எல்லாம் கட்டிவைத்திருக்கிறேன். கூரியர் கடைக்காரர் முகவரி கேட்கிறார். என் நோட்டில் பழைய முகவரிதான் இருக்கிறது. அதற்கே அனுப்பட்டுமா, வேறு முகவரிக்கா? எள்ளுருண்டையைத் தனிப் பெட்டியாகப் போட வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுது. எதுவானாலும் எழுது, கடைக்காரரிடம் வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா