வாயில் இருப்பது இரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வண்ண மீன் வளர்ப்புக் கட்டுரையோடு, வாய் புடைத்த, சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த பெண் மீன் ஒன்றின் படம் வந்திருந்தது. அதன் கீழே, 'இட்ட முட்டைகளையே விழுங்கும் கொடூர ஆப்பிரிக்க மீன்' என்று ஒரு வரி. எதிர்வீட்டு அம்மாள் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்து என் தொட்டியின் முன் நின்று, "இதைத்தானா இத்தனை வருடமாக ஆசையாக வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பதினொரு ஆண்டுகளாக ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் பாறை மீன்களை நான்கடித் தொட்டியில் வளர்த்துக் குஞ்சு எடுத்து வருகிறேன். இந்த வகையில் தாய் மீன் முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். ஆண் மீனின் அடித்துடுப்பில் முட்டையைப் போலவே மஞ்சள் பொட்டுகள் இருக்கும். தாய் மீன் அவற்றைக் கவ்வப் போகும்போதுதான் வாய்க்குள் இருக்கும் முட்டைகள் கருவுறுகின்றன. பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் தாய்க்குப் பட்டினிதான். என் சிவப்பு ஸீப்ரா வகை மீன் ஒன்று இப்போதும் மண்சட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. வயிறு ஒட்டிவிட்டது. உள்ளே இருப்பவற்றைப் புரட்டிவிடுவதற்காகத் தாடை மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. தீவனம் முகத்தருகே மிதந்து போனாலும் தொடுவதில்லை. நேற்று கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். தாடைத் தோலுக்குள் கரும்புள்ளிகளாகக் குஞ்சுகளின் கண்கள் தெரிந்தன. முதல் ஈற்றில் மிரண்டு முட்டைகளை விழுங்கிவிடும் மீனும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக இனத்தையே கொடூரம் என்று எழுதலாமா?

நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, அதுவும் வாயில் வைத்தே குஞ்சுகளைக் காக்கிறது என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. உங்கள் சமையல் பக்கத்தில் அதைக் குழம்பு வைக்கச் சொன்னபோது யாரும் கொடூரம் என்று எழுதவில்லை.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். நான் புதிதாகத் தொடங்கிய காலத்தில், எல்லா வண்ண மீன்களுக்கும் ரத்தப்புழு நல்ல தீவனம் என்று எழுதினீர்கள். பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்களுக்கு அது ஆகாது. உங்களை நம்பிப் போட்டேன். வயிறு ஊதி ஆறு மீன்கள் ஒரே வாரத்தில் செத்தன. பிறகொரு முறை கேள்வி-பதில் பகுதியில், பராமரிக்க முடியாதவர்கள் மீன்களை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடலாம் என்று பதில் சொன்னீர்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் கொண்டுபோய் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன், அங்கே நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் காணாமல்போனதற்குப் பெருங்காரணம். அன்றே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதைக்காக நான் எழுதிய முதல் வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டு, பாராட்டுக் கடிதமாக்கிவிட்டீர்கள். அந்தப் பதிலைப் படித்து எத்தனை பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நீண்ட மறுப்பெல்லாம் வேண்டாம். அந்தப் படத்தை இன்னொரு முறை வெளியிட்டு, 'குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் தாய்' என்று மட்டும் கீழே போடுங்கள். எதிர்வீட்டு அம்மாளிடம் நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை