கை முதலில் கொம்பைத்தான் தேடியது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே? இந்தக் கடிதம் முழுவதையும் நானே கணினியில் அடித்தேன், தாயி. அடித்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் என் நோட்டுகள் இருந்தது உனக்குத் தெரியாது. அச்சகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து எழுதி வைத்தவை. மூன்று நோட்டில் மை கரைந்து பக்கமெல்லாம் ஊதாக் கறை. மற்றவற்றை மாடியில் விரித்துப் பக்கம் பக்கமாகக் காயவைத்தேன். மிஞ்சியதையாவது இணையத்தில் ஏற்றிவிட வேண்டும், அதையும் என் கையாலேயே செய்ய வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நீ லேப்டாப் வாங்கித் தந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பது சுலபம் என்று நீ சொன்னாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை முறையைத்தான் படித்தேன். இடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது கைப்பக்கம் மெய். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும். முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அதை முதன்முதலாகப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் 'கொக்கிரகுளம்' என்று அடிக்கப் போய் நின்றுவிட்டேன். பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருஷம் ஈய எழுத்துக் கோத்த கை இது. 'கொ' என்றால் முதலில் கொம்பை எடுப்போம், அப்புறம் 'க', அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் கைக்கும். கணினியில் அப்படி இல்லை. 'க', அப்புறம் 'ஒ'. கொம்பும் காலும் தாமாக வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்கின்றன. வாய் சொல்கிற வரிசையில் அடிக்க வேண்டும் என்பது புரிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்கக் கை கொம்பைத் தேடிக்கொண்டே இருந்தது. இப்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிக்கிறேன்.

தாத்தாவின் பாட்டுகளை முன்பு ஒரு கடையில் அடித்து சி.டி.யில் வாங்கி வைத்தோமே, அதைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தம் விருப்பப்படி தமிழை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மாற்றித் தருகிற கருவி ஒன்றில் ஒட்டினேன். ஒரே நொடியில் தாத்தா திரும்பி வந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அம்மா தன் சொதி செய்முறையைப் போனில் பேசிப் பதிந்தாள். சொதி என்று சொன்ன இடமெல்லாம் ஜோதி என்று விழுந்திருந்தது. பேச்சு வழி அடிப்பது மற்ற வேலைக்கு உதவும், நம் ஊர்ச் சொல்லுக்கு இன்னும் பழகவில்லை. சரி, இனி அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பதென்று முடிவாகியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் முதல் கட்டுரையை இணையத்தில் ஏற்றினேன். 1978-ல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது ணை, லை, ளை, னை என்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை மாதிரி இருந்த வளைவு போனதல்லவா, அதைப் பற்றி. பழைய 'லை' ஒன்றைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதைப் படம் எடுத்தேன். ஈய எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும்? படத்தைப் புரட்டுகிற வசதி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, படிக்கிற மாதிரி திருப்பிப் போட்டேன். அளவையும் குறைத்தேன், இல்லாவிட்டால் திறக்க நேரமாகிறது. அடுத்தது புன்னைக்காயல். நம் தாமிரபரணி கடலில் சேருகிற அந்த ஊரில் 1586-லேயே தமிழ்ப் புத்தகம் அச்சானது. அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அச்சுக்கோத்தவனே புரூஃப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தில் வழக்கம். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நீதான் பார்க்க வேண்டும், தாயி. அப்போதெல்லாம் பக்கங்கள் சேர்ந்த பாரம் அச்சாகிவிட்டால் பிழைதிருத்தம் என்று கடைசிப் பக்கத்தில் போடுவதைத் தவிர வழி கிடையாது. இப்போது நீ நடுராத்திரியில் சொன்னாலும் திருத்திவிடலாம். இரண்டாவது பத்தியில் 'துதிக்கை'யில் ஒற்று விட்டிருந்ததை நானே பார்த்துச் சரி செய்தேன். மற்றதை நீ பார். சுட்டியை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா