சிட்டுவும் பிள்ளைகளும்

அன்புள்ள உமையா,

இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் அவர்களுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, கோபம்தான் இறங்கவில்லை. நீ கேட்ட வற்றல் மொட்டைமாடியில் காய்கிறது. யாராவது சிங்கப்பூர் கிளம்பினால் கொடுத்துவிடுகிறேன். குசலம் போதும்.

போன வியாழக்கிழமை சிட்டுவுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. சிரிக்காதே. குதிரைக்கு வயிற்று வலி என்றால் சோடா குடித்துச் சரியாகிற சமாசாரம் இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அந்த உடம்புக்கு இரைப்பை வேறு சின்னது. உள்ளே போனது குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? பேரன் முத்துதான். தம்பி பந்தய ஆசையில் இந்த மட்டக்குதிரையை வாங்கி, ஆசை தீர்ந்ததும் நம் வீட்டு வண்டிக்கொட்டகையில் கட்டிவிட்டுப் போனபோது, "மண் குதிரையை நம்பினாலும் உன் தம்பியை நம்பாதே" என்று எழுதினாயே, அன்றே பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் குடித்ததா, புல் தின்றதா, இலத்தி போட்டதா, எல்லாம் எழுத வேண்டும். நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவையாவது இலத்தி போடும். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பயல், இப்போது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அன்றைய கணக்கை ஒப்பிக்கிறான். அவர்கள் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோன கதையை நேரில் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வந்து, "ஆயா, மத்தியானத்திலிருந்து ஒன்றுமே போடவில்லை. திரும்பித் திரும்பி வயிற்றையே பார்க்கிறது" என்றான். போய்ப் பார்த்தால் முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது. படுக்கப் பார்க்கிறது. தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணினேன். நல்லவேளை, காரைக்குடியிலிருந்து உடனே வந்தார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக நீளக் குழாயை இரைப்பை வரைக்கும் விட்டு எண்ணெய் ஊற்றினார். இரண்டு பிள்ளைகளும் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உள்ளே போகச் சொல்லவில்லை நான்.

விடியற்காலையில் இலத்தி போட்டது. அதற்கு இந்த வீட்டில் கைதட்டினார்கள் என்றால் நம்புவாயா? அவர்களும் தட்டினார்கள்!

காரணம் சீமைக்கருவேலங்காய். ஊருணிக்கரையில்தான் கொட்டிக் கிடக்கிறதே. இனிப்பாக இருக்கிறதென்று மேய்ந்துவிட்டது. சரி, கட்டிப்போட்ட குதிரை ஊருணிக்கரைக்கு எப்படிப் போனது? முடிச்சுப் போடுவது பேத்தி வள்ளியின் வேலை. சுண்டினால் அவிழ்கிற முடிச்சுத்தான் போட வேண்டும், குதிரை மிரண்டால் சட்டென்று அவிழ்க்க வேண்டுமே. முடிச்சுப் போட்டுவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இழுத்துப் பார்க்கவில்லை.

குழந்தை அழுத அழுகை இருக்கிறதே. எட்டு வயசுதானே. சமையற்கட்டிலிருந்து முகப்பு வரைக்கும் ஆளாளுக்கு "பரவாயில்லைடா கண்ணு" என்று தேற்றினார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை, உமையா. திட்டவும் இல்லை. பரவாயில்லை என்றால் அது பொய். அவளும் பார்த்துக்கொண்டுதானே நின்றாள். மடியில் உட்காரவைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் டாக்டர் சொன்னபடி மெல்ல நடத்திக்கொண்டு வந்ததும், கயிற்றை அவள் கையில்தான் கொடுத்தேன். அவர்களுக்குக் கோபம். "இனிமேல் பெரியவர்கள் கட்டட்டும்" என்றார்கள். அவளிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கினால், உன்னால் முடியாது என்றுதானே அவளுக்குக் கேட்கும்? கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பின்னாலேயே போய் நானும் இழுத்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்தேதான் பார்த்தேன்.

இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. "பிள்ளைகள் ஒருநாள் மறந்துபோகட்டும், நீ செய்யாதே, பட்டால்தான் புத்தி வரும்" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவள் நீ, உனக்குத் தெரியாததில்லை. ரோஜாத் தொட்டிக்கு வேண்டுமானால் அது சரி. சிட்டுவுக்குத் தண்ணீர் காட்ட மறந்தால் படுவது பிள்ளையா, சிட்டுவா? பெரிய குதிரை நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். இது அதில் பாதி என்று வைத்துக்கொள், நம் ஊர் வெயிலுக்கு அதுவும் போதாது. தண்ணீர் குறைந்தாலே குடல் அடைப்பு வரும். பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று வாயில்லா ஜீவனைத் தவிக்கவிட என்னால் ஆகாது. அதற்காக யாருக்கும் தெரியாமல் நானே ஊற்றிவிடுவதும் இல்லை. முத்து மறந்துவிட்டுத் தூங்கினால் ராத்திரி பத்து மணிக்கும் எழுப்புவேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாளியைத் தூக்குவான், நான் டார்ச் பிடிப்பேன். என் மகள் சொன்ன ஸ்டார் ஸ்டிக்கர் அட்டையை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். தண்ணீர் காட்டியதற்குப் பரிசு என்ன வேண்டிக் கிடக்கிறது?

எல்லா வேலையையும் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைக்காதே. கொள்ளு அளந்து வைப்பது நான்தான், கூடிப்போனால் வயிறும் கெடும், காலும் கெடும். பின்பக்கமாக யாரும் போகக் கூடாது, அதற்கு நேர் பின்னால் நிற்பது தெரியாது. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. பிரஷ் போடுவது வள்ளி. குளம்பு பார்ப்பது முத்து, நான் பக்கத்தில் நிற்பேன். அடியில் ஒட்டியிருப்பதைக் குதிகாலிலிருந்து முன்பக்கமாகத்தான் சுரண்ட வேண்டும், நடுவில் இருக்கிற மெத்தென்ற இடத்தைக் குத்தக் கூடாது. இந்த ஊர் முள்ளுக்கு அது தினமும் செய்தாக வேண்டிய வேலை. குதிரைக்கு ரணஜன்னி, அதுதான் டெட்டனஸ், சுலபமாக வரும் என்று தடுப்பூசியும் போட்டாயிற்று. குளம்பு பார்க்காத அன்றைக்குச் சவாரி கிடையாது. அழுதாலும் கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம். என் மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் வள்ளியே சொல்கிறேன் என்றிருக்கிறாள். என்ன சொல்வது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதும் என் மகள் "குதிரையை விற்றுவிடு" என்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சனிக்கிழமை கோயிலில் அவளைப் பார்ப்பாய். பார்த்தால் வாயைத் திறக்காதே. மங்கை கல்யாணத்தில் நீ ரகசியம் காத்த லட்சணம் எனக்கு மறக்கவில்லை.

அன்புடன்,
மெய்யம்மை

பி.கு.: குளம்பு சுரண்டுகிற கொக்கி அங்கே நல்லதாகக் கிடைக்கும் என்றார் டாக்டர். சின்னக் கைக்குப் பிடிக்கிற மாதிரி இரண்டு வாங்கி வை. காசு வற்றலில் கழித்துக்கொள்.