தாது கிடைக்காத வெறுந்துளைக்கும் பாதிச் செலவைத் தரவேண்டும்; துளையில் எடுத்த பாறை உருளையை (கோர்) மட்டும் கேட்டு வாங்கவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனிமத் தேடலில் இறங்கும் நிறுவனங்களுக்கு அவற்றின் செலவில் பாதி வரை அரசு திருப்பித் தரும் திட்டம் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. தனியார் லாபத்துக்குப் பொதுப்பணம் எதற்கு என்கிறார்கள் சிலர். தாது கண்டுபிடித்துக் காட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதுமே என்கிறார்கள் வேறு சிலர். முதல் கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது யோசனையை ஏற்றால் திட்டமே படுத்துவிடும்.

இந்தப் பணம் பொது வரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அல்ல. 2015-ல் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டத்தைத் திருத்தியபோது தேசியக் கனிமத் தேடல் அறக்கட்டளை பிறந்தது. சுரங்கக் குத்தகைதாரர்கள் தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 2 சதவீதத்துக்கு இணையான தொகையை அதற்குத் தனியாகச் செலுத்தி வந்தார்கள். 2025-ம் ஆண்டுத் திருத்தம் அதை 3 சதவீதமாக்கியது. இன்று தோண்டி விற்பவர்தான் நாளைய தேடலுக்குப் பணம் கட்டுகிறார்.

தேடலில் நான்கு படிகள் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பது ஜி4, முதற்கட்டத் தேடல் ஜி3, பொதுத் தேடல் ஜி2, விரிவான தேடல் ஜி1. ஒவ்வொரு படி ஏறும்போதும் துளைகள் நெருக்கமாகும், செலவும் கூடும். நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஜம்முவின் ரியாசி மாவட்டமே சாட்சி. 2023 பிப்ரவரியில் அங்கே 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக அறிவித்தார்கள். அது ஜி3 நிலைக் கணக்கு. பிறகு ஏலத்துக்கு விட்டபோது போதிய போட்டியாளர்கள் வரவில்லை. 'இருக்கிறது' என்பதற்கும் 'எடுத்து விற்கலாம்' என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைத் துளைபோட்டுத்தான் கடக்க முடியும்.

தேடவும் பிறகு தோண்டவும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமத்தை ஏலத்தில் எடுத்தவர் இந்தத் தூரத்தைச் சொந்தப் பணத்தில் கடந்து, இடத்தை ஜி2 நிலைக்காவது கொண்டுவந்தால்தான் சுரங்கக் குத்தகை கிடைக்கும். 2023-ல் வந்த தேடல் உரிமத்தில், அதாவது ஆழத்தில் கிடக்கும் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான உரிமத்தில், தேடியவர் தோண்டவே போவதில்லை. பின்னால் தோண்டுபவர் செலுத்தும் ஏலத் தொகையில் ஒரு பங்குதான் அவருக்கு. கிடைக்குமா என்றே தெரியாத பங்கை நம்பி ஆழத்துளை போடச் சின்ன நிறுவனம் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தில் பாதியை அரசு ஏற்பதுதான் இந்தத் திட்டம்.

பணம் எங்கே வீணாகிறது என்பதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். முதல் கோளாறு விண்ணப்பத்திலேயே இருக்கும். '300 மீட்டரில் 6 துளைகள்' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு துளைக்கும் தலைப்புள்ளியின் ஆயத்தொலைவு, திசை, சாய்வு, ஆழம், அந்த ஆழத்தில் எதைத் தொடப்போகிறோம் என்ற நிலவியல் காரணம், அதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஆகியவை இருக்கவேண்டும். தாதுப்படலம் 60 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில் செங்குத்தாகத் துளை போட்டால் 5 மீட்டர் தடிமன் துளையில் 10 மீட்டராகத் தெரியும். இந்த ஒரு கோணத்தைக் கவனிக்காமல் அனுமதித்தால் இல்லாத தாதுவுக்குக் கணக்கு எழுதவேண்டி வரும்.

அடுத்தது கோர். துளையிலிருந்து வரும் பாறை உருளையைத்தான் அப்படிச் சொல்கிறோம். சிதைந்த மேல்பாறையில் 63.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹெச்க்யூ அளவில் தொடங்கி, கெட்டிப் பாறை வந்ததும் 47.6 மில்லிமீட்டர் என்க்யூவுக்கு மாறுவது வழக்கம். தோண்டிய நீளத்தில் 90 சதவீதத்துக்கும் குறைவாகக் கோர் கையில் வந்தால் அந்தப் பகுதியின் ஆய்வு முடிவை நம்ப முடியாது. உடைந்து நொறுங்கும் பகுதியில்தான் பெரும்பாலும் தாது இருக்கும், துளைக்குள் விடும் தண்ணீர் அதையே முதலில் அரித்துக்கொண்டு போகும். அங்கே ஒரே ஓட்டத்தில் 3 மீட்டர் இழுக்காமல் 1 அல்லது 1.5 மீட்டரில் நிறுத்தி எடுக்கவேண்டும், கோர் சிதையாமல் காக்கும் மூன்றடுக்குக் குழாய் போடவேண்டும். வேலை மெதுவாகும், மீட்டருக்கான கூலி ஏறும். மானியத்துக்கு மீட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் துளையிடும் இயந்திரமான ரிக்கை ஓட்டுபவர் வேகத்தைத்தான் பார்ப்பார். மீட்டரோடு கோர் மீட்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தே தொகையை விடுவிக்கவேண்டும்.

துளை நேராகவும் போகாது. தொடக்கத்தில் 2 டிகிரி விலகினாலே 300 மீட்டர் ஆழத்தில் இலக்கு 10 மீட்டர் தள்ளிப்போகும். 30 மீட்டருக்கு ஒருமுறை திசையும் சாய்வும் அளந்த பதிவு கட்டாயம் வேண்டும். காந்தத்தன்மை உள்ள பாறையில் காந்த ஊசிக் கருவி பொய் சொல்லும், அங்கே காந்தத்தைச் சாராத ஜைரோ கருவிதான் சரி. சாம்பிள் விஷயத்தில், கோரை நீளவாக்கில் அறுத்துப் பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி மறுபாதியைக் கோர்பெட்டியிலேயே வைக்கவேண்டும். 20 சாம்பிள்களுக்கு தாது இல்லாத ஒரு வெறும் சாம்பிள், அளவு முன்பே தெரிந்த ஒரு தர அளவுச் சாம்பிள், அதே சாம்பிளின் ஒரு மறுபிரதி என்று இடையில் சேர்த்து அனுப்பினால் ஆய்வகத்தின் பிழை தெரிந்துவிடும்.

பில் கொடுக்கும் இடத்தில் விழும் அடி வேறு மாதிரி. அனுமதி ஆணை வருமுன் ரிக்கை இறக்கி ஓட்டிய மீட்டர்களுக்குப் பணம் வராது. ரிக் ஓட்டுபவரின் தினப்பதிவில் ஓர் ஆழமும் கோர்பெட்டியில் ஆழம் எழுதி வைத்த மரக்கட்டையில் வேறோர் ஆழமும் இருந்தால் கோப்பு திரும்பிவிடும். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நீளத்தைக் கழிக்க மறப்பதுதான் பல நேரங்களில் இதற்குக் காரணம். துளைக்கு ஒரு கோப்பு போட்டு, தினப்பதிவு, பெட்டிப் படங்கள், அளவீடு, ரசீது எல்லாவற்றையும் அன்றன்றே சேர்த்தால் கடைசியில் அல்லாட வேண்டியிருக்காது.

ஆனால் முழுத்தொகையையும் முதலில் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு பாதியை வாங்கிக்கொள்ளும் முறையில் பெரிய நிறுவனம் தாக்குப்பிடிக்கும், சிறியது பிடிக்காது. புதிய இடத்தில் துணிந்து தேடுகிறவர்களில் சிறியவர்கள் அதிகம். ஒரு துளை முடிந்து, ஆழமும் கோரும் சரிபார்க்கப்பட்டவுடன் அந்தத் துளைக்கான பங்கை விடுவித்தால் அதே பணம் அடுத்த துளைக்கு உதவும்.

இனி அந்த இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். தாது இல்லாத துளைக்குப் பணம் மறுத்தால், எல்லோரும் ஏற்கெனவே தாது தெரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே துளை போடுவார்கள். அதற்கு மானியமே தேவையில்லை. மண்மூடிய பகுதிக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது என்று வெறுந்துளையும் சொல்கிறது. அடுத்து வருபவர் அதே இடத்தில் அதே பணத்தைக் கொட்டாமல் அது தடுக்கும். மேற்கு ஆஸ்திரேலியா 2009 முதல் துளையிடும் நேரடிச் செலவில் பாதி வரை இப்படித்தான் பகிர்ந்துகொள்கிறது. தாது கிடைத்ததா என்பது அங்கே நிபந்தனை அல்ல. முடிவுகளை ஒப்படைக்கவேண்டும், அவை குறுகிய ரகசியக் காலத்துக்குப் பின் எல்லோருக்கும் திறக்கப்படும். கோர்களைப் பாதுகாக்க பெர்த்திலும் கல்கூர்லியிலும் அரசின் கோர் நூலகங்கள் இருக்கின்றன.

நம் நாட்டில் 2023 டிசம்பரில் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் கணினியில் ஏறிய எண்ணை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது, கோரை அனுப்பலாம். தங்கத்துக்காகப் போட்ட பழைய துளையில் லித்தியத்தையோ அருமண் தனிமங்களையோ அன்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். பெட்டி பத்திரமாக இருந்தால் இன்று அளக்கலாம். மழையில் நனைந்து, கரையான் அரித்து, ஆழம் எழுதிய கட்டை தொலைந்துவிட்டால் அதே துளையை மறுபடி போடவேண்டியதுதான்.

ஊர்மக்கள் விஷயத்தையும் சொல்லவேண்டும். மதுரை மாவட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் பெரும் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது. இடத்தைக் குறிக்குமுன்பே கிராமசபையில் பேசுவதும், துளையைச் சிமெண்ட் கலவையால் அடைப்பதும், சேற்றுக்குழியை மூடுவதும், மேல்மண்ணைத் திரும்பப் போடுவதும் துளையிடும் வேலையின் பகுதிகள்தான். அவற்றுக்கான செலவையும் மானியக் கணக்கில் சேர்த்தால் யாரும் அதை மிச்சம்பிடிக்கப் பார்க்க மாட்டார்கள்.

மானியத்தின் கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கை அரசு நிறுத்திவைக்கட்டும். கோர்பெட்டிகள் எண்ணிக்கை குறையாமல் அரசுக் கிடங்குக்கு வந்துசேர்ந்து, துளை அடைக்கப்பட்ட இடத்தை அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட அன்றே அதை விடுவிக்கட்டும், தாது கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
ஒரு நிலவியலாளர்