கொடி இறங்கிய பிறகும் கோயில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரைக் கோயில் திருவிழாச் செய்திகளை உங்கள் நாளிதழில் ஒன்றுவிடாமல் வாசிக்கிறவள் நான். ஊரின் பெயரையும் புனிதரின் பெயரையும் மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே செய்திதான். கொடியேற்றம், கூட்டுத் திருப்பலி, மாலை ஆராதனை, சப்பர பவனி, உப்பும் மிளகும் காணிக்கை, திரளான மக்கள். கடைசி வரியும் மாறாது: ‘விழா ஏற்பாடுகளைப் பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டியினர் மற்றும் இறைமக்கள் செய்திருந்தனர்.’

திருவிழாவின்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஜூலை 26இல் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 வரை எங்கள் வீட்டில் பஸ் செலவுக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைத்துவிடுவோம். என் குறை வேறு. கொடி இறங்கியதும் உங்கள் நிருபரும் மூட்டையைக் கட்டிவிடுகிறார். ஆண்டின் மீதி நாட்களில் இந்தக் கோயிலில் என்ன நடக்கிறது, அது யார் கையால் நடக்கிறது என்பது உங்கள் வாசகர்களுக்கு ஒருநாளும் தெரிவதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்து எழுதுகிறேன். தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். ஊரின் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். போட்டால் மறுநாள் காலையில் கமிட்டிக்காரர்கள் என் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். அவர்களுக்குக் காப்பி போடுவதும் நானாகத்தான் இருக்கும்.

மறைபரப்பாளர் புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து சேர்ந்த கரை இது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வள்ளம் கடலில் இறங்குவதில்லை. அரசாணை எதுவும் கிடையாது, ஊர்க்கட்டுப்பாடுதான். அதனால் ஞாயிறு காலை ஆண்களும் கோயிலில் இருப்பார்கள், பாதிப் பேர் வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றபடி பூசை கண்டாலும். பிரசங்கத்தைவிட அறிவிப்பு நீளமாக இருக்கும். யாருக்கு யாருடன் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த கிழவிகள் அப்போதுதான் நிமிர்வார்கள். பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அது முடியும் நேரத்தில் பங்குத்தந்தை இல்லத்து வராந்தாவில் பாய் விரித்துக் காணிக்கை எண்ணத் தொடங்குகிறோம். வாரம் ஓர் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த குழுவின், முறை. பெரும்பாலும் பெண்கள்.

எங்கள் ஊர்க் காணிக்கைப் பணத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சனிக்கிழமை ஏலக்கூடத்தில் மீன் விற்ற கையோடு முந்தானையில் முடிந்த பத்து ரூபாய்த் தாள் ஈரத்தில் சுருண்டு, ராத்திரியில் காய்ந்து, ஞாயிறு காலையில் அப்பளம்போல் விறைத்து வந்து விழும். பிரித்தால் மடிப்பில் கிழியும். செதில் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, அடுக்கி, மேலே செபப் புத்தகத்தைப் பாரமாக வைப்போம். அந்தத் தாள்களைப் பார்த்தாலே அந்த வாரம் கடல் கொடுத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாணயங்கள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. படகில் கூலிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் பழைய கடனுக்கே சரியாகப் போய்விடும். அந்த 61 நாட்களில் கோயிலின் வரவு இறங்கும், கோயிலிடம் வந்து நிற்கும் தேவைகள் ஏறும்.

செவ்வாய் அந்தோணியாருக்கு. வசதியுள்ளவர்கள் உவரி அந்தோணியார் கோயிலுக்கு பஸ் ஏறுவார்கள், மற்றவர்களுக்கு இங்கேயே நவநாள் செபம். புதன் சகாய மாதா நவநாள். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். முதல் வெள்ளியன்று பங்குத்தந்தை இரண்டு சக்கர வண்டியில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோவார். சனிக்கிழமை கோயில் கழுவுவது. தரையில் சொட்டிய மெழுகைப் பழைய தோசைத் திருப்பியால் சுரண்டி, பித்தளைத் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்து, பீடத்துக்குப் பூ வைப்பது. மாலையில் பாடற்குழுவின் பயிற்சி. எந்தப் பாட்டு யார் பாடுவது என்ற சண்டையும் அதற்குள் அடக்கம்.

இவற்றில் நான் அதிகம் சொல்ல விரும்புவது ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றி. 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கியது. எங்கள் ஊரில் செவ்வாய் மாலை நவநாள் முடிந்ததும் கூடுகிறோம். செபம், சென்ற வாரக் குறிப்பு, பிறகு ஒரு துணிப் பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, எடுப்போம். நூறு ரூபாய் போட்டவர் யார், வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பை. பிறகு இருவர் இருவராகப் பிரிந்து, உதவி தேவைப்படுகிறவர்களின் வீடுகளுக்குப் போவோம்.

என் பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்றில் வலை தைக்கிற ஒரு முதியவர் இருக்கிறார். மனைவி இல்லை. மகன் வளைகுடா நாடொன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். அவருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே மாத்திரை அட்டைகளில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பேனாவால் வரைந்து வைப்பேன். இரண்டு வேளையும் போட வேண்டியதில் இரண்டையும் வரைவேன். அட்டைகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, கடல் காற்றில் துரு ஏறாமல் இருக்க அதன்மேல் நைலான் துணி சுற்றி வைத்திருக்கிறார். முதலில் அரிசியை வாங்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டவர். இளைஞர்களின் வாலிபால் வலை கிழிந்து கிடக்கிறது, தைத்துத் தர முடியுமா என்று கேட்ட பிறகுதான் அரிசிப் பையைத் தொட்டார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் உதவி கொடுப்பதற்கும் ஒரு தொழில் நுணுக்கம் வேண்டும். பள்ளியில் எனக்கு அது யாரும் கற்றுத் தரவில்லை.

அடுத்தது அன்பியம். இருபத்தைந்து, முப்பது வீடுகளுக்கு ஒரு குழு. 1990களில் தமிழகத்தின் கத்தோலிக்கப் பங்குகளில் பரவிய ஏற்பாடு. வாரம் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்து, செபித்து, தெருக் கதையையும் பேசிவிட்டுக் கலைவோம். அங்கே அன்பு பொங்கி வழியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டில் சுண்டல், அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் பரோட்டா என்று போட்டி முற்றி, கையில் காசில்லாதவர்கள் தங்கள் முறை வரும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். கடைசியில் கடுங்காப்பியைத் தவிர எதுவும் தரக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அதற்கும் இரண்டு வீட்டார் இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அன்பியம்தான் நின்றது. டிசம்பர் 17, ஞாயிறு. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று பிறகு உங்கள் நாளிதழில்தான் வாசித்தோம். அன்று மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. எங்கள் ஊர் மணல்மேடு. தண்ணீர் வடிந்துவிட்டது. தாமிரபரணிக் கரை ஊர்களில் மக்கள் மாடியில் தவித்தார்கள். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மீட்டதை எல்லாப் பத்திரிகைகளும் படத்தோடு போட்டன. போட வேண்டியதுதான், அந்தப் பிள்ளைகள் செய்தது பெரிய காரியம். அவர்கள் கரையேற்றிய குடும்பங்களில் பல எங்கள் பங்கின் சமூகக் கூடத்தில்தான் தங்கின. அங்கே நடந்ததற்குப் படம் இல்லை.

அன்பியத் தலைவிகளிடம் ஒவ்வொரு நோட்டு உண்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யார் படுக்கையில், யாருக்கு இன்சுலின், எந்த வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர், எந்த வீட்டில் பெரிய அண்டா என்பதுவரை அதில் இருக்கும். இந்த விவரம் எல்லாம் ஒரே இடத்தில் எந்த அரசுப் பதிவேட்டிலும் இருக்காது. நோட்டுகளை எடுத்துவந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேசையில் விரித்தோம். அரிசி எங்கிருந்து, குளிர்பெட்டி ஓடாமல் கெடும் இன்சுலினை எந்தக் கிணற்றில் இறக்கி வைப்பது, கைக்குழந்தைக்காரிகளை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு மணி நேரத்தில் முடிவானது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்லர். அந்த நோட்டு அன்றைக்கென்று தயாரானதில்லை. வாராவாரம் கடுங்காப்பிக்கு நடுவே எழுதிச் சேர்ந்தது.

சாவும் அப்படித்தான். துக்க மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ‘எந்த வீடு’ என்று கேட்டுக்கொண்டே வெளியே வருவோம். மரியாயின் சேனை என்ற பக்திச் சபையின் பெண்கள் இரவு முழுக்கச் செபமாலை சொல்வார்கள். ஒருத்தி காப்பி போடுவாள், ஒருத்தி உறவினர்களுக்கு போன் செய்வாள், ஒருத்தி அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டில் தூங்க வைப்பாள். அடக்கம் முடிந்து ஆண்கள் கடலுக்குத் திரும்பிய பிறகும் முப்பதாம் நாள் பூசைவரை அந்த வீட்டுக்கு யாராவது மாலையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

இப்போது கமிட்டி விஷயம். பங்குப் பேரவையில் பெண்கள் இருக்கிறார்கள். ஊர்க் கமிட்டியில் ஒருவர்கூட இல்லை. திருவிழா மேடையில் சால்வை வாங்குகிறவர்களும் கமிட்டிக்காரர்களே, உங்கள் செய்தியில் பெயர் வருகிறவர்களும் அவர்களே. பெண்பிள்ளைகள் பீடத்தில் உதவி செய்யலாம் என்று 1994இலேயே உரோமை சொல்லிவிட்டது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் அமரலாம் என்று 2016இல் ஆணை வந்தது. பூசையில் விவிலியம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கலாம் என்று 2021இல் போப் பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தையே திருத்தினார். உரோமை அசைந்துவிட்டது. ஊர்க் கமிட்டி அசையவில்லை. திருவிழா முடிந்ததும் வாணவேடிக்கைக்கு இவ்வளவு, சீரியல் விளக்குக்கு இவ்வளவு, இன்னிசைக் குழுவுக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதி ஒட்டுவார்கள். ஒழுங்கான கணக்குதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு பங்கைத் தடைக்காலத்துக்கென்று ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். ‘டீச்சர், அது வேற கணக்கு’ என்றார்கள். முன்னாள் மாணவர்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

உங்கள் நாளிதழால் எங்கள் கமிட்டியைத் திருத்த முடியாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் அச்சில் வருவதற்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அன்பியத் தலைவி ஒருத்தியின் நோட்டைப் பற்றி நான்கு பத்தி வந்தால், அடுத்த கமிட்டித் தேர்தலில் அவள் பெயரைச் சொல்ல யாராவது ஒருவருக்குத் துணிச்சல் வரும். இது எங்கள் கோயிலுக்கு மட்டும் உரிய சங்கதி என்றும் நான் நினைக்கவில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள், அம்மன் கோயில் கொடைக்குப் பிறகு பந்தல் அடியைக் கூட்டுகிறவர்கள் எல்லாரும் உங்கள் செய்திகளின் கடைசி வரியில்தான் நிற்கிறார்கள்.

அடுத்த ஏப்ரலில், தடைக்காலம் தொடங்கிய பிறகு ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் மாவட்ட நிருபரை அனுப்புங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் சால்வை தயாராகிவிடும். பங்குத்தந்தையிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் உள்ள அறைக்கு அவர் நேராக வரட்டும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பை அவர் பக்கமும் வரும். கையை விட்டு எடுக்கட்டும். எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்க்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.